புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு: ஆம்பூர்ப் பக்கத்து ஷூ லைனிலிருந்து

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் இது அடிக்கடி நடக்கும். தையல் லைனில் நன்றாக மிஷின் ஓட்டும் ஒருவரை சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இந்த லைனை நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். மிஷினில் உட்கார வைக்கும்போது மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். 30 பேரை எப்படி நடத்துவது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஹெல்பராகச் சேர்ந்து, தோல் ஓரத்தை மடிக்கும் ஃபோல்டிங் டேபிளில் இருந்து, ஷூவின் மேல்பகுதி தைக்கும் போஸ்ட் பெட் மிஷினுக்குப் போய், அப்புறம் சூப்பர்வைசர் ஆனேன். இப்போது 14 வருடம் ஆகிறது. அந்த முதல் வாரத்தில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். நல்ல சூப்பர்வைசரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்று: லைனில் ஒரு தப்பு நடந்தால், அது உங்கள் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது? தப்பு செய்தவரே எழுந்து வந்து சொன்னால் அந்த லைன் நன்றாக இருக்கிறது. செக்கிங்கில் தெரிய வந்தால் பரவாயில்லை. பேக்கிங்கில் தெரிந்தால் உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

மேஸ்திரி காலம் வேறு

என் அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். அவர் காலத்தில் எல்லாமே மேஸ்திரிதான். ஊரிலிருந்து ஆளைக் கூட்டி வருவது அவர், அட்வான்ஸ் கொடுப்பது அவர், யாருக்கு நாளைக்கு வேலை உண்டு என்று முடிவு செய்வதும் அவர். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் ஷூ கம்பெனிகளும், ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் கம்பெனிகளும் பெருகின. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். பழைய வட ஆற்காடு 1989ல் இரண்டாகி, வேலூர் மாவட்டம் 2019ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் மேஸ்திரி என்ற நினைப்பு மட்டும் இன்னும் பல சூப்பர்வைசர்கள் மனதில் அப்படியே இருக்கிறது.

அந்த நினைப்பு இன்றைக்கு உதவாது. ஏனென்றால் நீங்கள் ஆளை எடுப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை, சம்பளம் போடுவதும் இல்லை. உங்கள் கையில் இருப்பது மூன்று: யாரை எந்த வேலையில் உட்கார வைப்பது, யாருக்கு எப்போது லீவு என்று சிபாரிசு செய்வது, எந்த வார்த்தையில் பேசுவது. மூன்றும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் லைனில் இருக்கும் ஒரு பெண்ணுடைய நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதல் நாளுக்கு முன்னால்

பொறுப்பை ஏற்கும் முன் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு நாள் லீவை நானே கொடுக்கலாமா? உடம்பு சரியில்லை என்பவருக்கு கேட் பாஸ் எழுத யார் கையெழுத்து வேண்டும்? ஓவர்டைம் (ஓ.டி.) என்றால் எத்தனை மணிக்குள் எனக்குச் சொல்வீர்கள்? மிஷின் நின்றால் மெக்கானிக்கை நானே நேராகக் கூப்பிடலாமா? பதில்களை நோட்டில் எழுதி வையுங்கள். இது தெரியாமல் லைனில் நின்று, "சரி, நாளைக்கு லீவு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மேலே போய் அது செல்லாமல் போனால், அந்த ஒரு பொய்யான வாக்கை மறக்க வைக்க ஆறு மாதம் ஆகும்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

இதில் பலரும் தடுமாறுகிறார்கள். நேற்று வரை பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இன்று நீங்கள் வேலை சொல்ல வேண்டும். சிலர் அதற்காகவே ஒரு விறைப்பை வரவழைத்துக்கொள்வார்கள். நேற்று "அக்கா" என்று கூப்பிட்டவரை இன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உங்களை விட வயதில் மூத்தவர் நேற்றும் அக்கா, இன்றும் அக்காதான். "அக்கா, இந்த லாட்டை முதல்ல முடிச்சுடுங்க" என்று சொன்னால் வேலை சொன்னதாகவும் ஆகிறது, மரியாதையும் குறையவில்லை. இளையவர்களைப் பெயர் சொல்லுங்கள், "மா" சேர்த்துக்கொள்ளுங்கள். "வாடி, போடி" எந்த வயதுக்காரருக்கும் கூடாது, கோபத்திலும் கூடாது. ஆண் சூப்பர்வைசர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: நீ, வா, போ வேண்டாம். "வாங்க, பண்ணுங்க" என்று பேசுகிற அண்ணன் லைனில் சத்தம் போடாமலே வேலை நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். "ஏய், மூணாவது மிஷின்" என்று கூப்பிடுவதைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிறு எரியும். ஒரு நோட்டு போடுங்கள். பெயர், எந்த பஸ்ஸில் வருகிறார், எந்தெந்த வேலை தெரியும், எந்த வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள். 9 வருடம் சொல்யூஷன் (தோல் ஒட்டும் பசை) தடவிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் இதைக் கேட்டபோது, "எனக்கு டபுள் நீடில் மிஷின் ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆசைமா" என்றார். சாப்பாட்டு நேரத்தில் தினமும் 10 நிமிடம் கழிவுத் தோலில் ஓட்டிப் பார்க்க விட்டேன். மூன்றே மாதத்தில் லைனில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த ஊர்" என்று கேட்கலாம், பஸ்ஸுக்காக அது தேவை. "ஊருக்குள்ள எந்தத் தெரு" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே கவனம் வேலை பிரித்துக் கொடுப்பதிலும் வேண்டும். டேபிள் துடைப்பதும், கழிவைக் கூட்டி அள்ளுவதும் எப்போதும் அதே இரண்டு பேர் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் வாரத்துக்கு வாரம் முறை வைத்து மாற்றுங்கள். யாராவது முகம் சுளித்தால் முறைப்படி உங்கள் பெயரையும் அந்தத் தாளில் எழுதி, உங்கள் வாரத்தில் நீங்களே கூட்டுங்கள். நான் கூட்டினேன். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

கத்தும் முன் கணக்குப் போடுங்கள்

டார்கெட் வரவில்லை என்றால் முதலில் வருவது கோபம். அந்த நேரத்தில் ஸ்டாப் வாட்சை எடுங்கள், போனிலேயே இருக்கிறது. 8 மணி நேரத்தில் 480 ஜோடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு ஒரு ஜோடி லைனை விட்டு வெளியே போக வேண்டும். இப்போது ஒவ்வொரு வேலையாக நேரம் பாருங்கள். ஓரம் சீவுவது 40 நொடி, மடிப்பது 55 நொடி, டங்க் (லேஸுக்குக் கீழே வரும் நாக்கு) தைப்பது 50 நொடி. பேக் சீம் (பின்பக்கத் தையல்) மட்டும் 80 நொடி ஆகிறது. அப்படியென்றால் அந்த இடத்தில் மணிக்கு 45 ஜோடிதான் வரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாக நின்றாலும் 60 வராது. நீங்கள் கத்தினால் அவர் அவசரப்படுவார், தையல் கோணலாகும், ரீவொர்க் வரும், 45ம் 40 ஆகும்.

செய்ய வேண்டியது, பக்கத்தில் 40 நொடி வேலையில் இருப்பவருக்கு அந்த பேக் சீமில் ஒரு பகுதியைக் கொடுப்பது. நூல் வெட்டுவது, ஜோடி சேர்த்து வைப்பது போன்றவற்றை அவர் பக்கம் நகர்த்தினாலே 15 நொடி குறையும். மீதிக்கு இன்னொரு மிஷின் போட வேண்டும் என்று மேலே கேளுங்கள். நேரம் பார்க்கும்போது ஒளிந்து நின்று பார்க்கக் கூடாது. "அக்கா, உங்க வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குறேன், உங்களுக்கு ஆள் கேக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். சொல்லாமல் பார்த்தால் சம்பளத்தில் கை வைக்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

தப்பைத் திருத்துவது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுதப் போகிறேன். சூப்பர்வைசருக்கும் லைனுக்கும் நடுவில் நல்லதும் கெட்டதும் இங்கேதான் உருவாகின்றன.

தையல் லைனில் வேலை செய்தவர்களுக்கு ஊசி ரிஜிஸ்டர் தெரியும். மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுக்க வேண்டும். ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, பெயர், மிஷின் நம்பர், நேரம் எழுதின பிறகுதான் ஸ்டோரிலிருந்து புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த மிஷினில் இருந்த சரக்கைத் தனியாக எடுத்து வைத்துச் சோதிக்க வேண்டும். ஷூவுக்குள் ஒரு முனை போய்விட்டால் போடுகிறவர் காலில் ஏறும்.

நான் சூப்பர்வைசர் ஆகி இரண்டாவது மாதம். டார்கெட் பயத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கொண்டே இருந்தேன். ஊசி உடைந்தால் அதற்கும் கத்துவேன், 10 நிமிடம் போச்சே என்று. ஒரு நாள் குழந்தைகள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. லைனுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணின் மிஷினில் ஊசி உடைந்திருக்கிறது. அவள் யாருக்கும் சொல்லாமல், எப்போதோ எடுத்து வைத்திருந்த ஓர் ஊசியை மாட்டிக்கொண்டு தைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. டங்க்குக்குள் வைக்கும் பஞ்சில் அரிசி முனை அளவு ஒரு துண்டு. அந்த லாட் முழுக்க நிறுத்தி, கட்டின கார்ட்டன்களைப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியாக மறுபடி மிஷினில் விட்டோம். ராத்திரி வரை வேலை.

அவளைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா நீங்க கத்துவீங்கன்னு பயந்துட்டேன்க்கா" என்றாள். அவள் விரலில் பழைய துணி சுற்றியிருந்தது. உடைந்த ஊசி விரலிலும் குத்தியிருந்தது, அதையும் அவள் சொல்லவில்லை. விரலில் இரும்பு குத்தினால் டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்று உடனே பார்க்க வேண்டும். இரண்டு நாளாக என் பயத்தில் அதையும் மறைத்து வைத்திருக்கிறாள். முதலுதவி அறைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் மேலே எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் அவள் பெயரோடு என் பெயரையும் எழுதினேன்.

மறுநாள் வேலை தொடங்கும் முன் லைனில் நின்று சொன்னேன்: ஊசி உடைந்தால் உடனே கையைத் தூக்குங்கள், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், நானும் கூடக் குனிந்து துண்டைத் தேடுவேன். சொல்வது சுலபம். அடுத்த தடவை டார்கெட் தலைக்கு மேல் நிற்கும்போது கை தூக்கினார்கள், அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தேடினேன். லைன் முழுக்க என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி நாலைந்து தடவை ஆன பிறகுதான் நம்பினார்கள்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் மிஷினைப் பாருங்கள், அப்புறம் சரக்கைப் பாருங்கள், கடைசியில்தான் ஆளைப் பாருங்கள். ஒருவர் தையல் தொடர்ந்து அலைகிறது என்றால் நூல் டென்ஷன் சரியாக இருக்கிறதா, ரோலர் தேய்ந்திருக்கிறதா, ஊசி முனை மழுங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, வந்த தோலே ஓரம் சரியாகச் சீவப்படாமல் தடிப்பாக இருக்கிறதா, மார்க் தப்பாக இருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் அவரிடம் பேச வேண்டும். என் கணக்கில் பாதிக்கு மேல் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும்.

பேசும்போது பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். லைன் நடுவில் நின்று எல்லாரும் கேட்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இங்க பாருங்க, இந்த வளைவுல தையல் ஓரத்தை விட்டு உள்ள போயிடுச்சு. வளைவு வரும்போது பெடலை மெதுவா விட்டுப் பாருங்க" என்று அந்த வளைவை மட்டும் பேசுங்கள். "எப்பவுமே இப்படித்தான்", "உனக்கு வேலையே வராது" என்ற வார்த்தைகள் ஒரு தையலையும் நேராக்கியதில்லை. அவரே ஒரு பீஸ் தைத்துக் காட்டும் வரை இருங்கள். சரியாக வந்தால் அதையும் சொல்லுங்கள். நன்றாகச் செய்ததை எல்லாரும் கேட்கச் சொல்லலாம்.

சில விஷயங்களில் மட்டும் ஒரு நொடியும் பொறுக்கக் கூடாது. கட்டிங்கில் பிரஸ் மிஷினுக்கு இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரண்டு பட்டன் இருக்கும், கை உள்ளே மாட்டாமல் இருக்க. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தி வைத்துவிட்டு ஒற்றைக் கையில் ஓட்டுவார்கள். பார்த்த உடனே மிஷினை நிறுத்துங்கள். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தே வைப்பதும் அப்படித்தான். தலைவலி, கண் எரிச்சல் என்று அந்த டேபிளிலிருந்து அடிக்கடி வந்தால் மூடி, ஃபேன், எக்ஸாஸ்ட் மூன்றையும் பாருங்கள்.

தண்ணீரும் பாத்ரூமும்

மே மாதம் நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டும். ஷெட்டுக்குள் இன்னும் புழுக்கம். அந்த நாட்களிலும் காலையில் கொண்டு வந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே நிரம்பியிருப்பதைப் பாருங்கள். பாத்ரூம் போகக் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் அவர்கள். நீர்க்கடுப்பு வந்து லீவு போடுவார்கள், காரணம் மட்டும் சொல்லமாட்டார்கள்.

யாரும் உங்களிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் லைனில் இரண்டு டோக்கன் ஆணியில் தொங்கும். இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், வந்து மாட்டிவிட வேண்டும். மிஷின் நிற்காமல் இருக்க அந்த வேலை தெரிந்த ஒரு மாற்று ஆள் இருப்பார். "ஏன் இவ்ளோ நேரம்" என்று கேட்கவே கேட்காதீர்கள். மாதவிடாய் நாளில் வயிற்று வலியோடு உட்கார்ந்திருப்பவர் ஓர் ஆண் சூப்பர்வைசரிடம் அதைச் சொல்லமாட்டார். லைனில் இருக்கும் மூத்த அக்கா ஒருவரிடம் சொன்னால் போதும், அவர் "கொஞ்ச நேரம் டேபிள் வேலை கொடுங்க" என்று மட்டும் உங்களிடம் சொல்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காரணம் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும்.

லீவு

லீவு விஷயத்தில் நம் பக்கத்துக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. அதை நீங்களே எழுதி, மேனேஜர் டேபிளுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். வைகாசி 1ஆம் தேதி குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு குடியாத்தம் பக்கத்து பஸ் காலியாகத்தான் வரும், அதை ஆள் பற்றாக்குறை என்று திட்டிப் பிரயோஜனம் இல்லை. பொங்கலுக்கு அப்புறம் சில வாரங்கள் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. கட்டிங்கிலும், அப்பரை அச்சில் ஏற்றும் லாஸ்டிங்கிலும் இருக்கும் தம்பிகள் காணாமல் போவார்கள். சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை. ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். நோன்பு மாதத்தில் சாயங்கால ஓ.டி.க்கு யாரைக் கேட்பது என்று முன்பே யோசிக்க வேண்டும்.

யாருக்கு எப்போது கொடுத்தோம் என்பதை எல்லாரும் பார்க்கும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பேசத் தெரிந்தவருக்கு லீவு கிடைக்கிறது, வாயில்லாதவருக்குக் கிடைப்பதில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் லைன் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பணம்

சூப்பர்வைசர் லைனில் சீட்டு நடத்தக் கூடாது. புடவை, நைட்டி, ஃபேன்சி நகை என்று தவணைக்கு விற்கக் கூடாது. உங்கள் கீழே வேலை செய்பவரிடம் கைமாற்று வாங்கக் கூடாது, அவருடைய குழுக் கடனுக்கு ஜாமீன் போடவும் கூடாது. உங்களிடம் சீட்டு கட்ட அவர்களுக்கு இஷ்டமா கஷ்டமா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் லீவு உங்கள் கையில் இருக்கிறது. ஒரு மாதம் பணம் கட்டாதவர் தைத்த பீஸில் குறை கண்டுபிடிக்கும்போது, அது உண்மையான குறையாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். குழுக் கடன் வசூல் நாளில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் செய்யக் கூடிய உதவி, எச்.ஆரிடம் அட்வான்ஸ் வாங்க வழி இருந்தால் அதைச் சொல்லி, கூடப் போய் எழுதிக் கொடுப்பது.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைனுக்கு வாட்ஸ்அப் குரூப் இருந்தால் பஸ் நேரம், லீவு, ஓ.டி. மட்டும் போகட்டும். வேலை முடிந்த பிறகு தனியாகப் பெண்களுக்கு மெசேஜ் போடாதீர்கள். வீட்டில் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வினையாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேலே என்ன பேசுவது

கீழே கத்துகிறவர்களில் பலர் மேலே வாயே திறக்கமாட்டார்கள். மேனேஜர் 480 ஜோடி என்று சொன்னால் "சரி சார்" என்று வந்துவிட்டு, அந்த "சரி"க்கான விலையைத் தையல்காரரிடம் வசூலிப்பார்கள். முடியாததை முடியாது என்று கணக்கோடு சொல்லுங்கள். "சார், பேக் சீம்ல மணிக்கு 45தான் வருது. இன்னொரு மிஷின் கொடுத்தா 60 வரும். இல்லைன்னா இன்னைக்கு 360தான்." கையில் ஸ்டாப் வாட்ச் கணக்கு இருந்தால் யாரும் உங்களைச் சாக்கு சொல்வதாக நினைக்கமாட்டார்கள். மேனேஜர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எனக்கும் பல தடவை அப்படி ஆகியிருக்கிறது. அப்போதும் லைனுக்கு வந்து உண்மையைச் சொல்லுங்கள்: "கேட்டுப் பாத்தேன், மிஷின் இல்லன்னுட்டாங்க, முடிஞ்ச வரைக்கும் போடலாம்." மேலே திட்டு வாங்கியதை அப்படியே கீழே இறக்காதீர்கள்.

தெரிந்திருக்க வேண்டிய சட்டம், கொஞ்சம்

1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது மாறவில்லை. ஓ.டி.க்கு ஆளைக் கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ராத்திரி பஸ் இல்லாமல் யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள். பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். திரும்பி வந்த தாய்க்குக் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அவர் எழுந்து போகும்போது உங்கள் பார்வை கடிகாரத்துக்குப் போகக் கூடாது. வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும் இ.எஸ்.ஐ.யில் வரக்கூடும், அதனால் ஹைவேயில் வண்டியிலிருந்து விழுந்தேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எச்.ஆருக்குத் தெரியப்படுத்துங்கள்.

இதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் உங்களிடம் வந்து, ஒருவர் தொடுகிறார், தப்பாகப் பேசுகிறார் என்று சொன்னால் நீங்கள் சமாதானம் பேசக் கூடாது. "அவரு அப்படிப்பட்டவரு இல்லையே", "நீ கொஞ்சம் ஒதுங்கிப் போ", "இடம் மாத்தித் தரேன், வெளியே சொல்லாத" இவை மூன்றும் அவளைத் தனியாக விட்டுவிடும் வார்த்தைகள். 2013ஆம் வருடத்துச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத வராது என்றால் எழுத உதவி செய்வதும் குழுவின் கடமை. அவள் சொன்னதை நம்பி, குழுவில் யார் இருக்கிறார்கள் என்று காட்டி, விரும்பினால் கூடப் போய் உட்காருங்கள். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

புதிதாக வருகிறவர்

லைனுக்குப் புதிதாக வரும் பெண்ணை முதல் நாளே தோலில் உட்கார வைக்காதீர்கள். நூல் போடாமல், கோடு வரைந்த தாளில் ஊசியை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். துளைகள் கோட்டின் மேலேயே போகிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நேர்கோடு, வளைவு, மூலை, இப்படி. பக்கத்தில் பொறுமையான ஒருவரை உட்கார வையுங்கள், வேகமானவரை வேண்டாம். பாத்ரூம் எங்கே, தண்ணீர் எங்கே, திரும்பிப் போக பஸ் எங்கே நிற்கும் என்று நீங்களே நடந்து காட்டுங்கள். சாப்பாட்டுக்குத் தனியாக உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹிந்தி பேசும் ஆட்கள் இப்போது நிறைய வருகிறார்கள். உருது தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்தால் பேச்சு சுலபமாக ஓடும், நம் ஊரில் அதற்குப் பஞ்சம் இல்லை.

ஒரு மாதம் முடியும்போது

உங்கள் நோட்டில் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். செக்கிங்கில் நீங்களாகக் கண்டுபிடித்த தப்புகள் ஒன்றில், ஆட்கள் தாங்களாக வந்து சொன்ன தப்புகள் இன்னொன்றில். தினமும் சாயங்காலம் கோடு போட்டு வாருங்கள். முதல் மாதம் இரண்டாவது கட்டம் காலியாகத்தான் இருக்கும். அதற்காக யாரையும் கேள்வி கேட்காதீர்கள், கோடு மட்டும் போடுங்கள்.

என் நோட்டில் அந்தக் கட்டத்தில் முதல் கோடு ஊசி விவகாரம் நடந்து ஏழாவது வாரத்தில் விழுந்தது. ஒரு ஹெல்பர் தோலில் மார்க் போடும் சில்வர் பென்னைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, காலையிலருந்து லெஃப்ட் மார்க்கை ரைட்டுல போட்டுட்டேன்க்கா" என்றாள். எண்ணிப் பார்த்தோம், 14 ஜோடி. இன்னும் ஒன்றும் தைக்கப் போகவில்லை. இரண்டு பேரும் டேபிளில் உட்கார்ந்து துணியால் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மறுபடி மார்க் போட்டு முடித்துவிட்டோம்.